படகு பெயின்ட் வேலைக்கான பாதுகாப்பு கிட்: ஒரே எச்.எஸ். கோடா (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்), தனித்தனியா?

உப்புவெளி:
சீனாவிலிருந்து 500 கிட் எடுக்க இருக்கிறோம். கொழும்பில் கிளியர் பண்ணி லொறியில் திருகோணமலைக்கு வரும். கொட்பே, சீனக்குடா பக்கம் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு. ஒரு ஜிப் பைக்குள் தொப்பி வைத்த கவரோல் (உடல் முழுக்க மூடும் ஆடை) 1, தூசி மாஸ்க் 2, நைட்ரைல் கையுறை 2 சோடி, கண்ணாடி 1, சப்பாத்து உறை 1 சோடி, மினுங்கும் வெஸ்ட் 1. இன்வொய்ஸில் "பீபீஈ கிட் 500" (பீபீஈ என்றால் பாதுகாப்பு அணிகலன்) என்று ஒரே வரி. எல்லாத்தையும் 6307.90 இல் போடலாம் என்கிறார் வார்ப் கிளார்க் (துறைமுகத்தில் நமக்காகச் சரக்கைக் கிளியர் பண்ணுபவர்). சரிதானா?

சுங்கமேசை:
இல்லை. 6307.90 மாஸ்குக்கு உரியது. இந்தக் கிட்டைக் கிட்டாக்குவது கவரோல்தான்: விலையும் பருமனும் அதில்தான். ஆகவே "செட்" என்று ஏற்றால் முழுக் கிட்டும் கவரோலின் கோடில் போகும்.

எச்.எஸ். பட்டியலின் விளக்க விதி 3(ஆ) இன்படி "செட்" ஆக மூன்றும் பொருந்த வேண்டும்: வேறு வேறு தலைப்புகளுக்குரிய (தலைப்பு என்றால் கோடின் முதல் நான்கு இலக்கம்) பொருள்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், எல்லாம் ஒரே தேவைக்காகச் சேர்ந்திருக்க வேண்டும், பையைப் பிரித்து மறுபடி பொதி பண்ணாமல் பாவிப்பவர் கைக்குப் போக வேண்டும். மூன்றாவதில்தான் பலர் வழுக்குவது. கவரோல் ஒரு பெட்டி, கையுறை வேறு பெட்டி என்று வந்து இங்கே பைக்குள் போட்டால் அது செட் இல்லை. அப்போது கையுறை 4015.19, கண்ணாடி 9004.90 என்று பிரியும். மருத்துவக் கையுறைக்குப் பழைய பட்டியலைப் பார்த்து 4015.11 போடாதீங்க, 2022 பதிப்பில் அது 4015.12.

கவரோல் நொன்வூவன் (நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த துணி) என்றால் 6210.10. ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தாலும் அதேதான். இரண்டு பக்கமும் முழுக்க, கண்ணுக்குத் தெரியப் பூசியிருந்தால் துணிக் கணக்கிலிருந்து விலகி 3926.20 பக்கம் போய்விடும். துணி வெட்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

நிலாவெளிக்காற்று:
மேலே சொன்னது சரி, ஆனால் வெஸ்டை யாரும் கவனிக்கவில்லை. எச்.எஸ். பட்டியலில் துணிவகைக்கான பிரிவு 11 இன் குறிப்பு 14: வெவ்வேறு தலைப்பு ஆடைகள் ஒரே பையில் சில்லறை செட்டாக வந்தாலும் அவரவர் தலைப்பில்தான். 6101–6114, 6201–6211 எல்லாம் இதில் அடக்கம். கவரோல் 6210, வெஸ்ட் வேறு தலைப்பு. நிட் துணி என்றால் 61ஆம் அத்தியாயம், நெய்தது என்றால் 62. மாஸ்க், கையுறை, கண்ணாடிக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. ஆகவே கஸ்டெக்கில் (சுங்கப் பிரகடனப் படிவம்) இரண்டு வரி: கிட் 6210.10, வெஸ்ட் தனியே. சப்ளையரிடம் சொல்லி வெஸ்டை வேறு பெட்டியில், வேறு இன்வொய்ஸ் வரியில் அனுப்பச் செய்வது நல்லது.

உப்புவெளி:
நன்றி அண்ணன். தின்னர் மணம் கடும் என்று, மாஸ்குக்குப் பதிலாகக் கார்ட்ரிஜ் (வடிகட்டி) மாற்றும் அரைமுக மாஸ்க் வைத்தால்?

சுங்கமேசை:
அந்த மாஸ்க் தேவைதான். தின்னர் ஆவிக்குத் தூசி மாஸ்க் பிரயோசனமில்லை. ஆனால் மாற்றக்கூடிய வடிகட்டி இருந்தால் அது 9020.00. விலையில் கவரோலைத் தாண்டினால் எது முக்கியம் என்று வாதம் வரும். தீராவிட்டால் 3(இ), அதாவது இலக்க வரிசையில் கடைசித் தலைப்பு, அதுவும் 9020தான். அரைமுக மாஸ்கையும் கார்ட்ரிஜையும் தனியே வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

நிலாவெளிக்காற்று:
இன்வொய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை, அலகு விலை, துணி வகை, துணி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது வரட்டும். பையில் "மருத்துவ" என்று அச்சிட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை அனுமதி எங்கே என்ற கேள்வி வரும். சந்தேகம் மிஞ்சினால் சரக்கு கப்பலேறுமுன் மாதிரி, படம், தரவுத்தாளோடு சுங்கத் தலைமையகத்தில் முன்கூட்டிய தீர்ப்புக்கு விண்ணப்பியுங்கள். பெட்டி இறங்கின பிறகு கேட்டால் டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) தான் மிச்சம்.