போர்டிங்கில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்ப என்ன செய்யலாம்? கறுப்பு அங்கி வேண்டுமா?

விடுதி டீச்சர், குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம்:
எங்களுடையது சின்ன போர்டிங் பள்ளி, பத்தாம் வகுப்போடு சரி. இந்த வருடம் வெளியே போகிறவர்கள் 23 பெண் பிள்ளைகள். பாதிப் பேரின் வீட்டில் ரப்பர் பால் வெட்டுகிற வேலை, ஐந்தாறு பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். நிர்வாகத்தில் ஒருவர், "டவுனில் யு.கே.ஜி. பிள்ளைக்கே அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டம் கொடுக்கிறான், நாமும் செய்வோம்" என்கிறார். வாடகையைப் பெற்றோரிடம் வாங்கிக்கொள்ளலாமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொன்னால், பின்னே என்னதான் செய்வது என்று கேட்பார். தேதி, சாப்பாடு, ஒருநாள் சுற்றுலா இதற்கெல்லாம் யோசனை சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மேட்ரன், மார்த்தாண்டம்:
அங்கி வேண்டாம் டீச்சர். மாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே அந்த வழுவழுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் வேர்த்து ஒழுக வேண்டுமா? அந்த வாடகைக் காசுக்கு ஆளுக்கொரு நல்ல பை வாங்கலாம். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறவள் பழைய ட்ரங்கு பெட்டியையா தூக்கிக்கொண்டு போவாள்?

தேதிதான் முக்கியம். பரீட்சைக்கு அப்புறம் என்று மட்டும் வைக்காதீர்கள். பொதுத்தேர்வு முடிந்த மதியமே வாசலில் ஆட்டோவும் ஜீப்பும் வந்து நிற்கும், பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ரிசல்ட் வந்து டி.சி. வாங்க ஒவ்வொருத்தியாகத்தான் வருவாள். எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கக்கூட ஆள் இருக்காது. பிப்ரவரி தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். சிவராத்திரியை ஒட்டி வேண்டாம். திருப்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை எல்லாம் உங்கள் பக்கம்தானே? சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடியே போய்க் கும்பிடுகிற அப்பாமார் எப்படியும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தியே வைப்பது நல்லது. தவக்காலத்தில் விருந்து போட்டால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. (தவக்காலத்தில் கல்யாணம் இல்லாததால் சமையல்காரர் சுலபமாகக் கிடைப்பார். ஆனால் அதற்காக அப்போது வைக்க முடியுமா?)

எங்கள் போர்டிங்கில் விழாவுக்கு முந்தின இரவு ஒரு வழக்கம் உண்டு. போகிறவள் தன் இரும்பு வாளியை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். வாளியில் பெயின்டால் எழுதிய தன் பெயரை அழிக்கக் கூடாது, சின்னவள் அதற்குக் கீழே தன் பெயரை எழுதிக்கொள்வாள். ஓட்டை வாளியைக் கொடுத்தால் மரியாதை போய்விடும் என்று பொங்கல் கழிந்ததும் ஈயம் வைக்க ஆள் தேடி அலைவார்கள்! யார் வாளி யாருக்கு என்பதில் வருகிற சண்டையைத் தீர்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலை.

பரிசு கொடுக்க வெளியாள் எதற்கு? சமையல் அக்காவைக் கூப்பிடுங்கள். எங்கள் அக்காவை ஒரு வருடம் மேடைக்கு ஏற்றிப் பேசச் சொன்னோம். மைக்கைப் பிடித்து, "தோசைக்கு ரெண்டு தடவ வரிசையில நின்னவளுவ ஆருன்னு எல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அதற்கு அப்புறம் பேச வந்த சிறப்பு விருந்தினரை யார் கேட்டார்கள்?

பழைய போர்டிங் மாணவி, இப்போது மஸ்கட்:
மேட்ரனம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் குளச்சல் பக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பாமார் கடலுக்குப் போகமாட்டார்கள், அன்றைக்கு வைத்தால்தான் வரமுடியும். சர்ச்சில் பூசை முடிந்து பஸ் பிடித்து வரவேண்டும், அதனால் காலை பத்து மணிக்குத் தொடங்காதீர்கள். பால்வெட்டுகிற வீடுகளுக்கும் விடியற்காலை வேலை உண்டு. பதினொன்றரைக்கு மேல் என்றால் எல்லாருக்கும் தோதுப்படும்.

சுற்றுலாவுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் உங்களுக்குப் பக்கம், செலவும் இல்லை. ஆனால் மலையோரப் பிள்ளைகளில் பலர் கன்னியாகுமரியில் படகு ஏறியிருக்கவே மாட்டார்கள். முன்பு கடல் உள்வாங்கினால் வள்ளுவர் சிலைக்குப் படகு விடமாட்டார்கள், விவேகானந்தர் பாறையோடு திரும்பவேண்டியதுதான். 2024 டிசம்பர் கடைசியில் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்களே, இப்போது நடந்தே போகலாம். வார நாளில், முதல் படகுக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். வழியில் பத்மநாபபுரம் அரண்மனையும் பார்க்கிறதென்றால் திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு விடுமுறை.

சமையல் ஒப்பந்தக்காரர், தக்கலை:
23 பேரும் வீட்டாரும் என்றால் நூறு இலை வரும். பிரியாணி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பிள்ளைகளுக்கு இலைச் சாப்பாடு போடுங்கள். பருப்பு, அவியல், எரிசேரி, இஞ்சிக்கறி, சாம்பார், புளிசேரி போதும். கறி எண்ணத்தைக் குறைத்தாலும் பாயசத்தைக் குறைக்காதீர்கள். அடைப்பிரதமன் பாயசத்துக்குப் பப்படமும் மட்டி வாழைப்பழமும் பிசைந்து சாப்பிட வேண்டும், அப்புறம் போளிக்குப் பால்பாயசம். மட்டிக்குலையை ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால்தான் அன்றைக்குப் பழுத்துக் கிடைக்கும்.

விடுதி டீச்சர்:
ரொம்ப நன்றி. ஞாயிறு, பதினொன்றரை மணி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கியைப் பற்றி அந்த நிர்வாகத்துக்காரர் இன்னும் பிடி விடவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் இரும்பு வாளி இல்லை, எல்லாம் பிளாஸ்டிக். இதில் பெயின்ட் நிற்குமா மேட்ரனம்மா?

ஓய்வுபெற்ற மேட்ரன்:
நிற்காது, ஒரு மாதத்தில் உரிந்துவிடும். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளும்.