மினி டிராக்டரின் ரோல் பாரை அறுத்து, மடக்குகிற மாதிரி வெல்டிங் செய்யலாமா?

சிப்புட் செம்பனை:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. அப்பா எஸ்டேட்டில் முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம். குலை ஏற்ற ஒரு பழைய ஜப்பான் மினி டிராக்டர் வைத்திருக்கிறோம். டிரெய்லர் இல்லாமல் எடை கிட்டத்தட்ட 1,000 கிலோ. சீட்டுக்குப் பின்னால் இரண்டு கால் வைத்த ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்), மடங்காத வகை.

மறுநடவு செய்த பக்கம் மரங்களுக்கு நான்கு வயதுதான். மட்டையெல்லாம் பாதையில் தாழ்ந்து கிடக்கிறது, பார் அதில் மாட்டுகிறது. கொட்டகை உத்திரமும் பாரைவிட ஒரு சாண் தாழ்வு. தொல்லை பொறுக்காமல் அப்பா போல்ட்டைக் கழற்றி, பாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். மூன்று மாதமாகப் பார் இல்லாமல்தான் ஓட்டுகிறார். வயது 63. நிலத்தில் பாதி சரிவு.

பட்டணத்தில் ஒரு பட்டறையில் கேட்டேன். இரண்டு காலையும் நடுவில் அறுத்து, கனமான பிளேட்டில் கீல் வைத்து, இரும்புப் பின் போட்டு மடக்குகிற மாதிரி செய்து தருகிறாராம். 180 வெள்ளி (ரிங்கிட்). அப்புறம் இன்னொன்று. பாரைத் துடைத்துப் பார்த்தபோது இடது காலில் விரல் நீளத்துக்கு ஒரு துருக்கோடு தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் கூரைத் துணி கட்டுவதற்காக அங்கே ஓர் இரும்புத் துண்டை வெல்டிங் செய்திருக்கிறார். அதையும் சேர்த்து அடைத்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீடோர் லோரிக்காரன்:
தம்பி, நான் என்னுடையதை இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சாண் குறைத்தேன். சாதாரண 6013 வெல்டிங் கம்பிதான். இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. பார் இல்லாமல் ஓட்டுவதற்கு இது மேல் இல்லையா?

பழைய ஃபோர்மன்:
பீடோர் தம்பி, இந்த இரண்டு வருடத்தில் உங்கள் டிராக்டர் ஒரு தடவையும் கவிழவில்லை. பாருக்கு வேலையே வரவில்லை. அதனால் அந்த வெல்டிங் தாங்குமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எஸ்டேட் பட்டறையில் 27 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ரோல் பார் வளைவதற்காகவே செய்யப்பட்டது. டிராக்டர் விழுகிற வேகத்தை அது வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் கோட் 4 என்று டிராக்டர் பாருக்கு ஒரு சோதனை முறை உண்டு. பின்னாலிருந்து தள்ளுவார்கள், பக்கத்திலிருந்து தள்ளுவார்கள், மேலிருந்து நசுக்குவார்கள். 1,000 கிலோ டிராக்டர் என்றால் பக்கவாட்டில் பார் வாங்க வேண்டிய சக்தி 1,750 ஜூல். அந்த டிராக்டரையே 18 சென்டிமீட்டர் தூக்கிக் கீழே போட்டால் எவ்வளவு அடி விழுமோ அவ்வளவு. மேலிருந்து நசுக்கும்போது வண்டியின் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் எந்த இரும்பும் வரக் கூடாது. குழாயின் கனம், உயரம், அடிப் பிளேட், போல்ட் எல்லாம் இந்தக் கணக்கில் வந்தவை.

இப்போது நடுவில் கனமான பிளேட்டை வைத்தால் அந்த இடம் வளையாது. சக்தி எங்கேயாவது போயாக வேண்டுமே. பிளேட்டை ஒட்டிய குழாய் ஒடியும். அது தாங்கினால் கீழே போல்ட் அறுந்துபோகும். போல்ட்டும் தாங்கினால் ஆக்சில் கூடு வெடிக்கும், அது வார்ப்பிரும்பு. உயரத்தைக் குறைப்பதும் ஆபத்துதான். சரியான உயரமுள்ள பார், வண்டியைப் பெரும்பாலும் பக்கவாட்டில் படுத்த நிலையிலேயே நிறுத்திவிடும். குட்டையானால் வண்டி இன்னும் உருளும், தலைக்கு மேலிருந்த இடமும் போய்விடும்.

வெல்டிங் வாத்தியார்:
நான் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறவன். நல்ல வெல்டிங் தையல் போடத் தெரிந்த பையன்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். இருந்தாலும் இந்த வேலையை யார் கேட்டாலும் நான் செய்ய மாட்டேன்.

தம்பி, அந்தத் துருக்கோடு தையலின் ஓரத்தை ஒட்டித்தானே ஓடுகிறது? அப்படியென்றால் அது விரிசல். சூடு பட்ட அந்த ஓரத்தில் இரும்பின் குணம் மாறியிருக்கும். வேகமாக ஆறினால் கெட்டியாகி, இழுத்தால் நீளாமல் உடையும். தையல் ஒரு படி மாதிரி எழுந்து நிற்பதால் வண்டியின் அதிர்வும் அங்கேதான் சேரும். கம்பி ஈரமாக இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே போய், வேலை முடிந்து ஒரு நாள் கழித்துக்கூட வெடிப்பு விடும். நம் ஊர் ஈரத்தில், ஹைட்ரஜன் குறைவான 7018 கம்பியை அடுப்பில் காயவைத்து எடுக்காவிட்டால் அதற்கும் இதே கதிதான். கூரைத் துணிக்காக வைத்த ஒரு சின்னத் துண்டு உங்கள் பாரை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கோட்டை அரைத்து அடைத்தால் கோடு மறையும், கெட்ட இரும்பு அப்படியேதான் இருக்கும்.

பாரும் கீலும் சேர்ந்து தாங்குமா என்று தெரிய வேண்டுமானால் அதை நசுக்கித்தான் பார்க்க வேண்டும். நசுக்கிப் பார்த்த பாரை மறுபடி வண்டியில் மாட்ட முடியாது. மடக்குகிற பாரைத் தயாரிப்பாளர் கீலோடு சேர்த்தே சோதித்திருப்பார், அதனால்தான் அதை நம்பலாம். புதிதாகத் துளை போடுவதும் கூடாது.

சிப்புட் செம்பனை:
வாத்தியார் ஐயா, ஆமாம், சரியாகத் தையலின் ஓரத்தில்தான். ஃபோர்மன் ஐயா சொன்னதைப் படித்துவிட்டுப் பாரில் இருந்த தகட்டையும் சுரண்டிப் பார்த்தேன். அதில் இருக்கும் மாடல் எண் எங்கள் டிராக்டருடையதே இல்லை! யாரோ வேறு வண்டியின் பாரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

புதுப் பார் வாங்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "கவிழ்ந்தால் குதித்துவிடுவேன், பெல்ட் போட்டால் மாட்டிக்கொள்வேன்" என்கிறார். இதற்கு என்ன சொல்வது?

எஸ்டேட் பாதுகாப்பு அக்கா:
தம்பி, நான் பார்த்த வயதானவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பயந்தவர்கள் கிடையாது, அதனாலேயே இந்தப் பேச்சு வருகிறது. மேட்டில் பாரம் இழுக்கும்போது டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டால், எல்லாம் முடிய ஒன்றரை நொடி போதும். என்ன நடக்கிறது என்று மூளைக்குத் தெரிவதற்குள் வண்டி மேலே இருக்கும். பக்கவாட்டில் கவிழும்போது குதிக்கிறவர் பெரும்பாலும் வண்டி விழுகிற பக்கமே எறியப்படுகிறார். பார் காப்பாற்றுவது அந்தச் சீட்டைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும்தான். அந்த இடத்துக்குள் ஆளைப் பிடித்துவைப்பது பெல்ட். அப்பாவிடம் இதை ஒரு காலி டின்னை வண்டியாகவும் கம்பியைப் பாராகவும் வைத்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

பார் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும். பார் மடக்கியிருந்தாலோ இல்லாமல் இருந்தாலோ பெல்ட் போடக் கூடாது. சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குப் பாரைக் கட்டாயமாக்கியது, அங்கே கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. இங்கே 1994 தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், சொந்தமாகத் தொழில் செய்கிறவரும் தன்னிடம் வேலை செய்பவரின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. குலை வெட்ட ஆள் வைத்திருந்தால் அவரும் இந்த வண்டியில் ஏறுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

புதுப் பார் வரும்வரை சரிவுக்கு டிராக்டரைக் கொண்டுபோக வேண்டாம். நான்கு வயது மரத்தின் குலை சிறியது, கைவண்டியில் பெரிய பாதைவரை தள்ளிவந்துவிடலாம். இளம் மரத்தில் பச்சை மட்டையைக் கண்டபடி வெட்டாதீர்கள், காய்ப்பு குறையும். டிரெய்லரைத் தாழ்வான இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். உயரத்தில் மாட்டினால்தான் முன்சக்கரம் தூக்கும்.

பழைய ஃபோர்மன்:
தகடு வேறு மாடல் என்றால் வெல்டிங் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் மாடலுக்கான மடக்கு பாரையும் அதோடு வரும் போல்ட்டையும் வாங்குங்கள். வன்பொருள் கடையில் கிடைக்கிற போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். கொட்டகை உத்திரத்தை ஒரு முழம் ஏற்றுவது, பாரைக் குறைப்பதைவிட எளிது. பழைய பாரைப் பழைய இரும்புக்காரரிடம் முழுசாகக் கொடுக்காதீர்கள். இப்படிக் கொடுத்த ஒரு பார்தான் உங்கள் வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சிப்புட் செம்பனை (மூன்று வாரம் கழித்து):
ஈப்போவில் சொல்லிவைத்த மடக்கு பார் வந்துவிட்டது. 180 வெள்ளியில் முடியவில்லை, அதைப்போல பத்து மடங்குக்கு மேல் ஆனது. என் சொந்த அக்கா பாதி, நான் பாதி போட்டோம். கடைக்காரரே வந்து புத்தகத்தில் இருக்கிற அளவுக்குப் போல்ட்டை முறுக்கிக் கொடுத்தார். அப்பா முதல் நாள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் அவரே எடுத்து மாட்டினார். பழைய பாரை நான்கு துண்டாக அறுத்துப் போட்டேன். விரிசல் இருந்த இடத்தில் அறுத்துப் பார்த்தால் குழாயின் பாதிச் சுற்றுவரை உள்ளே துரு ஓடியிருந்தது.

பீடோர் லோரிக்காரன்:
தம்பி, அந்தப் பாதிச் சுற்று என்பதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. என்னுடையதையும் மாற்றப் போகிறேன். ஈப்போவில் எந்தக் கடை?

சிப்புட் செம்பனை:
தனியாக எழுதுகிறேன் அண்ணே. டிராக்டரின் மாடல் எண், வரிசை எண் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.