அப்ரிடி என்பது குடும்பப் பெயரா, கோத்திரப் பெயரா?

ஹட்டன் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். 1996இல் நைரோபியில் இலங்கைக்கு எதிராக 37 பந்துகளில் சதமடித்த பாகிஸ்தான் வீரர் ஷஹிட் அப்ரிடியும், அந்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் ஷஹீன் ஷா அப்ரிடியும் தந்தையும் மகனுமா என்று தரம் 9 மாணவன் ஒருவன் கேட்டான். மாமனாரும் மருமகனும் என்றேன். திருமணத்துக்கு முன்பே இருவருக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று அவன் திருப்பிக் கேட்டபோது, அது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வாழும் பஷ்தூன் இனத்தாரின் கோத்திரமொன்றின் பெயர் என்பதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. அக்கோத்திரத்தின் வரலாற்றையும், கிரிக்கெட்டுக்கு வெளியே அதில் பெயர் பெற்றவர்களையும் பற்றி அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பண்டாரவளை வாசகர்:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நம்மிடையே தகப்பனார் பெயர் முன்னால் வருவதால், பின்னால் வரும் பெயரும் அத்தகையதே என்று பிள்ளைகள் நினைப்பது இயல்புதான். அப்ரிடி என்பது, பெஷாவருக்கு மேற்கே கைபர் கணவாயையும் அதற்குத் தெற்கிலுள்ள தீரா மலைகளையும் தாயகமாகக் கொண்ட பெருங்கோத்திரத்தின் பெயர். ஆதம் கேல், மலிக் தீன் கேல், கூக்கி கேல் என்று அது பல கிளைகளாகப் பிரிந்துள்ளது. லண்டி கோத்தலைச் சேர்ந்த ஷஹீன், ஸக்கா கேல் கிளையினர்.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இவர்களுடைய வரலாற்றை மலையிலிருந்தே தொடங்கிச் சொல்லலாம். கோடையில் தீராவின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் பயிர் செய்வதும், குளிர்காலத்தில் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு கைபர், பாரா பக்கத்துத் தாழ்நிலத்துக்கு இறங்குவதும் பெரும்பாலான கிளைகளின் வழக்கம். காபூலுக்குப் போகும் பாதை அவர்களுடைய வாசலிலேயே கிடந்ததால், முகலாயரும் பிரித்தானியரும் வழிவிடுவதற்காக அவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். உறவு முறிந்தபோதெல்லாம் போர் மூண்டது. 1672இல் ஐமல் கான் அப்ரிடியும் தர்யா கான் அப்ரிடியும் காபூல் ஆளுநர் முகம்மது அமீன் கானின் படையைக் கைபரில் முறியடித்தார்கள். ஔரங்கசீப்பே 1674இல் பெஷாவருக்குக் கிழக்கிலுள்ள ஹசன் அப்தால் என்ற ஊர் வரை நேரில் வர வேண்டியதாயிற்று.

1897 ஆகஸ்டில் அவர்கள் கைபர்க் கோட்டைகளைக் கைப்பற்றியதும், பிரித்தானியர் 30,000க்கு மேற்பட்ட படையினரைத் தீராவுக்கு அனுப்பினார்கள். அக்கோட்டைகளைக் காத்து நின்ற, பிரித்தானியரின் கைபர் றைபிள்ஸ் படையிலும் அப்ரிடிகளே நிறைந்திருந்தார்கள் என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

கம்பளை அன்பர்:
இந்தியாவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் ஸாகிர் ஹுசைனும் அப்ரிடி வழிவந்தவரே. முன்னோர் உத்தரப் பிரதேசத்துக் காயம்கஞ்சில் குடியேறியவர்கள். அவர் 1897இல் ஹைதராபாதில் பிறந்தார். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை 1926 முதல் 1948 வரை துணைவேந்தராக இருந்து வளர்த்த அவரை, ஓர் ஆசிரியையிடம் முதலில் சொல்லத் தோன்றியது. 1969இல் பதவியிலிருக்கும்போதே காலமானார்.

ஹட்டன் ஆசிரியை:
மிக்க நன்றி. சம்பள நாளில் கையில் தடியோடு லயத்துக் கோடியில் வந்து நிற்கும் வட்டிக்காரரைப் ‘பட்டாணி’, அதாவது பஷ்தூன்காரர், என்று என் அப்பாயி சொல்வார். அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் எனக்கு இவர்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. கோட்டையின் இருபுறமும் அப்ரிடிகளே நின்றார்கள் என்றால், கிளைப்பகைதான் காரணமா?

பண்டாரவளை வாசகர்:
கிளைப்பகையும் உண்டு, ஆனால், ஒரே வீட்டிலும் அப்படி நடந்திருக்கிறது. முதல் உலகப் போரில் பிரித்தானிய இந்தியப் படையில் மீர் தஸ்த், மீர் மஸ்த் என்ற அப்ரிடிச் சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். 1915 மார்ச்சில் மீர் மஸ்த் பிரான்ஸ் போர்முனையிலிருந்து ஜெர்மானியர் பக்கம் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில், காயம்பட்ட அதிகாரிகளைச் சுமந்து காப்பாற்றிய மீர் தஸ்த், பிரித்தானியரின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்றார்.