காட்டுயிர் மீட்பு மையத்தில் தன்னார்வப் பணி: சேரும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் அடிபட்ட பறவைகளும் அணில் குட்டிகளும் வரும் மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர விண்ணப்பித்திருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும்தான் என்னால் வர முடியும். தடுப்பூசி ஏதாவது முன்கூட்டியே போட வேண்டுமா? அணில் குட்டிக்குப் பால் புகட்டுவதில் என்ன தப்பு நடக்கும் என்று யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா? ஆள் பற்றாக்குறை என்றால் குட்டிகளை இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாமா? காணொளிகளில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கொட்டகை:
முதல் சில மாதம் உங்க கையில குட்டி வராது, துடைப்பம்தான் வரும். கூண்டு கழுவறது, துணி துவைக்கறது, பப்பாளி நறுக்கறது, எடை நோட்டுல எழுதறது. இது சலிச்சுப் போற ஆள்னா இப்பவே யோசிச்சுக்கோங்க.

கழுவறதுலயும் முறை இருக்கு. முதல்ல சோப்புத் தண்ணில எச்சத்தைச் சுத்தமா தேய்ச்சு எடுக்கணும். அதுக்கப்புறம்தான் பிளீச்சிங் கரைசல். அழுக்கு மேலயே ஊத்தினா மருந்தோட வீரியம் அந்த அழுக்கோடயே தீர்ந்துடும், கிருமி அப்படியே இருக்கும். பத்து நிமிஷம் ஊறவிட்டு, நல்லா அலசி, காயவெச்சுட்டுத்தான் உயிரை உள்ள விடணும். பிளீச்சிங்கோட கழிவறை ஆசிடை ஒருநாளும் கலக்காதீங்க. கிளம்பற குளோரின் வாயு நமக்கே ஆபத்து, பறவையோட நுரையீரல் இன்னும் சீக்கிரம் கெடும்.

தடுப்பூசி: டெட்டனஸ் கட்டாயம். குரங்கு, கீரி, மரநாய், வௌவால் வர்ற மையம்னா கடிபடறதுக்கு முன்னாடியே போடற ரேபிஸ் ஊசி வேணும். 0, 7, அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள், மொத்தம் மூணு. போட்டுட்டோம்னு கடிச்சப்புறம் சும்மா இருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. முன்னாடியே போட்டவங்களுக்கு ஊசி குறையும், இம்யூனோகுளோபுலின்ங்கற தயார்நிலை எதிர்ப்பு மருந்து தேவைப்படாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே இடத்துல நிறைய காகம் செத்துக் கிடக்குன்னு போன் வந்தா யாரும் தொட வேணாம்னு சொல்லிட்டு கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்க. அது பறவைக் காய்ச்சலா இருக்கலாம்.

மூவரியான்:
அணிலுக்கு வருகிறேன். பால் புகட்டும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். குட்டி உண்மையிலேயே அநாதையா? உடம்பு சூடாக இருக்கிறதா? எறும்பு ஏறியிருக்கிறதா?

ஏசி யூனிட்டுக்குப் பின்னாலோ சன்ஷேடிலோ தேங்காய் நாரும் பஞ்சும் வைத்துக் கட்டிய கூடு விழுந்திருந்தால், தாய் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். மூடியில்லாத அட்டைப் பெட்டியில் அதே நாரைப் போட்டு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஓரமாக வைத்து, பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு விலகிப் போங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை, வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். ஆனால் அணில் பகலில் நடமாடும் பிராணி. பொழுது சாய்ந்த பிறகு தாய் வராது, அதற்கு மேல் வெளியே விடக்கூடாது. பாட்டில் ஆறிவிட்டால் உடனே மாற்றுங்கள். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே உறிஞ்சும்.

எறும்பு இருந்தால் காது, மூக்கு, ஆசனவாய், கால் இடுக்கு எல்லாம் பார்த்து, மென்மையான தூரிகையும் சலைனும் கொண்டு எடுங்கள். ஈ முட்டை வெள்ளைத் துகள் போலக் கொத்தாக ஒட்டியிருக்கும், அதையும் விடக்கூடாது.

சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காமல் வயிறு உப்பிச் சாகும். அதனால் முதலில் சூடு, பிறகு நீர், அதன் பிறகே உணவு. முடி முளைக்காத குட்டிக்குப் பெட்டிக்குள் 32 முதல் 34 டிகிரி வேண்டும். சூட்டைப் பெட்டியின் பாதிக்கு மட்டும் கொடுத்தால் அதிகமாகும்போது குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். சென்னை வெயிலில் சூடு எதற்கு என்று கேட்பார்கள். ஏசி அறையில் வைத்துக்கொண்டு கேட்பதுதான் வேடிக்கை.

உடம்பு சூடேறியதும் வெதுவெதுப்பான ஓஆர்எஸ் ஓரிரு வேளை. பிறகு நாய்க்குட்டிகளுக்கான பால்மாவு: கால் பங்கு, அரை, முக்கால், முழு அடர்த்தி என்று வேளைக்கு வேளை ஏற்றுங்கள். பசும்பாலும் குழந்தை சத்துமாவும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 10 கிராம் குட்டிக்கு அரை மில்லி. முடியில்லாத குட்டிக்கு இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.

ஒரு மில்லி சிரிஞ்ச் தவிர வேறு எதுவும் வேண்டாம். குட்டியை மல்லாத்தக் கூடாது. வயிறு கீழே இருக்க, தலை சற்று உயர்ந்திருக்கப் பிடித்து, சொட்டு சொட்டாக உதட்டில் வையுங்கள், அது நக்கட்டும். மூக்கில் பால் குமிழி வந்தால் நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். நுரையீரலுக்குள் போன பால் நிமோனியாவாக மாற இரண்டு நாள் போதும். மூச்சில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலர் மறப்பது இது: கண் திறக்கும் வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கித் தாய் நக்குவது போல வருடிவிட வேண்டும். செய்யாவிட்டால் பால் சரியாகக் கொடுத்தும் குட்டி பிழைக்காது.

கடிக்கத் தொடங்கிய பிறகு வேர்க்கடலை, சூரியகாந்தி விதை மட்டும் போடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். பின்னங்கால் இழுத்துக்கொண்டு வரும். கால்சியத்துக்குக் கடற்கரையில் கிடைக்கும் கணவாய் மீன் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் வையுங்கள், கடித்துக்கொள்ளும். கொய்யாக் கிளை, முருங்கைக் கீரையும் கொடுக்கலாம்.

ராமர் முதுகைத் தடவினார், சரி. நாம் தடவ வேண்டாம். மனிதக் கையை நம்பும் அணில் அடுத்த வீட்டுப் பூனையையும் நம்பும்.

கூகை:
அணிலைப் பற்றி மேலே எல்லாம் வந்துவிட்டது. நான் பறவைக்கு வருகிறேன், சென்னையில் வேலை கொடுப்பது அதுதானே.

பிடிக்கும்போது துண்டைப் போர்த்தித் தலையை மூடுங்கள், இருட்டானால் அடங்கும். மார்பை அழுத்தாதீர்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தே மூச்சுத்திணறிச் சாகும் பறவைகள் உண்டு. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான்: மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது.

கையில் வந்ததும் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை போலத் துருத்தி நின்றால் பல நாள் பட்டினி. அதற்கு எடுத்த எடுப்பில் கறித்துண்டு கொடுத்தால் சாகும். முதலில் சூடும் நீரும்தான்.

மாஞ்சா நூல் சுற்றி வரும் கரும்பருந்தும் கூகையும் ஏராளம். நைலான் மாஞ்சாவை 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது, ஆனால் மரங்களில் தொங்குவது அப்படியே தொங்குகிறது. நூலை இழுக்காதீர்கள், அது ரம்பம் மாதிரி அறுக்கும். இரு பக்கமும் வெட்டி, சதைக்குள் இருப்பதை அப்படியே விட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இறக்கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை விறைப்பாக நிற்கும் தோல் மடிப்பு அறுந்திருந்தால் பறப்பது சந்தேகம். இறக்கையை மடக்கி எட்டு வடிவில் சுற்றிய கட்டுத்துணியை நாள் கணக்கில் அவிழ்க்காமல் விட்டால் அந்த மடிப்பு சுருங்கிவிடும், அப்புறம் எலும்பு கூடியும் பயனில்லை. மருத்துவர் சொன்ன நாளில் அவிழ்த்து இறக்கையை மெல்ல விரித்து மடக்கும் பயிற்சி தன்னார்வலர்களுக்குத்தான் வரும், கற்றுக்கொள்ளுங்கள்.

மனித வலி மாத்திரை எதுவும் வேண்டாம். பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006இல் தடை வந்ததை நினைவில் வையுங்கள்.

குஞ்சு உணவு: கொண்டலாத்தி, தையல்சிட்டு போன்றவற்றின் குஞ்சுக்கு விடியலிலிருந்து அந்தி வரை அரைமணிக்கு ஒருமுறை, இரவில் வேண்டாம். கூகைக் குஞ்சுக்கு எலும்பில்லாத கோழிக்கறி மட்டும் போட்டால் எலும்பு ரப்பராகும். எலும்பு, முடியோடு முழு எலிதான் அதன் சாப்பாடு. குஞ்சு மனிதரோடு பழகிவிடாமல் இருக்க முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள், பேச்சு வேண்டாம், அதே இனக் குஞ்சோடு சேர்த்து வையுங்கள்.

விடுவிக்கும் நேரமும் சிகிச்சையில் பாதி. கூகையைப் பகலில் விட்டால் காகக் கூட்டம் துரத்திக் கொத்தித் திரும்ப மையத்துக்கே அனுப்பும். காகங்கள் அடைந்த பிறகு விடுங்கள். அக்டோபரில் வலசை வந்து கண்ணாடியில் மோதி விழும் ஆறுமணிக் குருவியை இருட்டுப் பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தாலே பல தேறிவிடும். தலை சாய்ந்திருந்தாலோ ரத்தம் வந்தாலோ மையத்துக்கு. அடர்ந்த புதருக்குப் பக்கத்தில், காகங்கள் கிளம்பும் முன் அதிகாலையில் விடுங்கள்.

வேளச்சேரிவாசி:
மிக்க நன்றி. வீட்டுக்குக் கொண்டுவரும் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

கொட்டகை:
முடியாது. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 39ஆம் பிரிவுப்படி காட்டுயிர் அரசின் சொத்து. கையில வந்தா 48 மணி நேரத்துக்குள்ள காவல் நிலையத்துலயோ அதிகாரம் பெற்ற அலுவலர்கிட்டயோ தகவல் கொடுக்கணும். காகம், பழந்தின்னி வௌவால் எல்லாம் ஒருகாலத்துல தொல்லை உயிர்ப் பட்டியல்ல இருந்துச்சு, 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க. அதனால காகம்தானேன்னும் நினைக்காதீங்க. ராத்திரி முறைக்கு ஆள் வேணும்னா மையத்துலயே படுங்க, பாய் கொடுப்பாங்க.

மூவரியான்:
ஒன்று விட்டுப்போனது. குட்டி வரும்போது எழுதும் சேர்க்கைச் சீட்டில், அது கிடைத்த இடத்தைத் தெரு, மரம் வரை எழுதி வாங்குங்கள். 'வேளச்சேரி' என்று மட்டும் இருந்தால் பத்து வாரம் கழித்து எங்கே கொண்டுபோய் விடுவது? அணிலை நாலைந்தாகச் சேர்த்து, அந்த மரத்தடியில் கூட்டுப்பெட்டியோடு கூண்டை வைத்து, கதவைத் திறந்துவிட்டு இரண்டு வாரம் தீனி போடுங்கள். தீனி குறைகிற கணக்கையும் அதே சீட்டில் எழுதுங்கள்.