லைடார் வரைபடத்தில் ஒரு கிராமம் மறைகிறது, உதவுங்கள்

யார்க்‌ஷயரின் வார்ரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமம் பற்றி ஒரு பேச்சுக்குப் படங்கள் தயாரிக்கிறேன். இரும்புக் காலத்திலேயே ஆட்கள் வாழ்ந்த இடம். 1500ஐ ஒட்டி, நிலவுடைமையாளர் செம்மறி மேய்ச்சலுக்காகக் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியதோடு ஊர் காலியானது. கொள்ளைநோய்தான் ஊரை அழித்தது என்று இன்னும் எழுதுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. இடைக்காலக் கட்டிடங்களில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது. 1950 முதல் 1990 வரை அங்கே அகழாய்வு நடந்தது.

பிரச்சினை இதுதான்: பள்ளத்தாக்கின் மேற்கு மேட்டில் வரிசையாக இருந்த வீடுகளின் அடித்தடங்கள் என் லைடார் படத்தில் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளந்து செய்வது) தெரியவே இல்லை. செங்குத்தான சரிவு மட்டும் கறுப்பாக வந்து மற்றதை விழுங்கிவிடுகிறது. நேரில் போனால் கண்ணுக்கே தெரிகிற மேடுகள் அவை!

தரவு: இங்கிலாந்து சுற்றுச்சூழல் முகமையின் இலவச லைடார், 1 மீட்டர் தெளிவு, மரங்கள் நீக்கிய தரைமட்ட மாதிரி. வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் (QGIS) 3, விண்டோஸ் 11.

நிழல் வரைபடத்தை (hillshade, தரையில் ஒளி விழுவதுபோல் நிழலிட்டுக் காட்டுவது) முதலில் ஒளி 315 டிகிரி திசை, 45 டிகிரி உயரத்தில் வரும்படி போட்டேன். ஒளியை 20 டிகிரி வரை தாழ்த்தினேன், திசையைச் சுற்றிச் சுற்றி மாற்றினேன். அப்புறம் தரையின் உயரத்தை மூன்று மடங்காக்கினேன், பல திசை ஒளியும் பார்த்தேன். சரிவுதான் இன்னும் பூதாகரமானது. ட்ரோனுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும், அதற்கு நேரமில்லை. பேச்சு அடுத்த மாதம்.

பெரிய சரிவைக் கழித்துவிட்டு அரை மீட்டர் மேடுகளை மட்டும் எடுத்துக் காட்ட, கியூஜிஐஎஸ்ஸில் எந்தக் கருவியை, எத்தனை மீட்டர் ஆரத்தில் பயன்படுத்த வேண்டும்?