முடிவடையாத மென்பொருளைக் கடைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாமா?

இரும்புக்கடை மகன்
வணக்கம். புறக்கோட்டையில் அப்பாவின் இரும்புச் சாமான் கடை. பில், இருப்புக் கணக்கு எல்லாம் ஒரே கணினியில்தான், எட்டு வருடக் கணக்கு அதில் கிடக்கிறது. மென்பொருள் செய்து தருபவர் புதிய பதிப்பை அனுப்பி, இன்னும் முடியவில்லை, ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்லுங்கள் என்கிறார். போன முறை நேரே நிறுவிவிட்டோம். 40 கிலோ ஆணி இருந்த இடத்தில் 40 பெட்டி என்று காட்டியது, அதைத் திருத்த அப்பாவும் கணக்குப்பிள்ளையும் இரண்டு இரவு பழைய பில் கட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்ப அவரை அப்படி உட்கார வைக்க எனக்கு மனமில்லை. கணினி விண்டோஸ் 11 ஹோம், ரேம் 16 ஜிபி. என்ன வழி?

வெள்ளவத்தை வாசி
தம்பி, ஓட்டலாம், ஆனால் கணினிக்குள் இன்னொரு கணினி வைத்து. விண்டோஸ் சாண்ட்பொக்ஸ் என்று, தனி ஜன்னலுக்குள் ஓடும் ஒரு சோதனை விண்டோஸ் 2019 முதல் விண்டோஸோடு வருகிறது, ஆனால் ஹோம் பதிப்பில் கிடையாது. அது இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒத்துவராது, ஏனென்றால் அந்த ஜன்னலை மூடினால் உள்ளே செய்ததெல்லாம் அழிந்துவிடும், உங்கள் பிழைகளோ நாலைந்து நாள் பில் போட்டுப் பார்த்தால்தான் வெளியே வரும்.

வேர்ச்சுவல்பொக்ஸ் எடுங்கள், கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கித் தரும் மென்பொருள் அது. இலவசம், ஹோமிலும் ஓடும். முதலில் டாஸ்க் மனேஜரில் சிபியு பக்கத்தில் வேர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் கணினி ஓட்ட உதவும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் போய்த் திறக்க வேண்டும். உள்ளே போடும் விண்டோஸுக்கு 4 ஜிபி ரேம் கொடுங்கள். மைக்ரோசொஃப்ட் தரும் 90 நாள் சோதனைப் பதிப்பே இதற்குப் போதும். விண்டோஸும் பழைய பில் மென்பொருளும் சரியாக ஓடுகிற நிலையில் ஒரு ஸ்னாப்ஷொட் (அந்த நிலையை அப்படியே சேமித்து வைப்பது) எடுத்துவிட்டு, அப்புறம்தான் புதியதை நிறுவ வேண்டும். குழம்பினால் உள்ளிருக்கும் இயந்திரத்தை அணைத்து அந்த ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்புங்கள், எதுவுமே நடக்காததுபோல இருக்கும். ஆனால் ஸ்னாப்ஷொட்டும் அதே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போய்விடும், ஆகவே எட்டு வருடக் கணக்கை இன்றைக்கே வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா
மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு பெரிய ஓட்டையை அடைக்காமல் விட்டிருக்கிறார். பெட்டிக்குள் ஓடுகிறது என்று நம்பி நான் ஒருமுறை என் படங்கள் இருந்த போல்டரை அப்படியே உள்ளே பகிர்ந்து கொடுத்தேன், எழுதும் அனுமதியோடு. நான் சோதித்த கருவி ஒரே மாதிரி இருக்கும் பைல்களைக் கண்டுபிடித்து நீக்குவது, அது உள்ளேயிருந்தபடியே வெளியே இருந்த என் அசல் படங்களை நீக்கிவிட்டது. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் படங்களில் பாதிதான் மிஞ்சின. எனவே பகிரும் போல்டரில் கணக்கின் கொப்பியை மட்டும் வையுங்கள், அதையும் 'வாசிக்க மட்டும்' என்று அமையுங்கள்.

நெட்வேர்க்கும் அப்படித்தான். நாட் முறையில், அதாவது உள்ளிருக்கும் கணினி வெளிக் கணினியின் இணைப்பு வழியே போகும்படி விட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் உள்ளிருக்கும் மென்பொருளால் அதன் வழியே கடையின் மற்றக் கணினிகளையும் தொட முடியும். உங்கள் பில் மென்பொருளுக்கு இணையம் தேவையில்லை என்றால் கேபிளைக் கழற்றியதுபோல உள்ளிருக்கும் கணினியின் நெட்வேர்க் அடப்டரையே துண்டித்துவிடுங்கள்.

இரும்புக்கடை மகன்
அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ஞாயிறு கடை பூட்டியிருந்தபோது எல்லாம் அமைத்துவிட்டேன், நெட்வேர்க் துண்டிப்பில். போன மாதக் கணக்கின் கொப்பியை உள்ளே கொண்டுபோய், கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து 30 பில் போடச் சொன்னேன். ஆணி இந்த முறை கிலோவிலேயே இருக்கிறது. ஆனால் சாமான் திருப்பி வாங்கினால் இருப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது, மூன்று தரம் ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்பிப் போய்ச் செய்தும் அதே பிழை. படம் பிடித்து செய்தவருக்கு அனுப்பிவிட்டேன். கடைக் கணினியில் பழைய பதிப்புதான் ஓடுகிறது, இன்று காலை அப்பா வழக்கம்போல அதில் பில் போட்டார்.