‘திருந்தாதவர்’, ‘திருந்தாத ஜென்மம்’: இரண்டும் ஒரே பொருள்தானா?

கேள்வி:
சிறைத் தண்டனை முடிந்து வெளியே வந்த பின்னும் அதே குற்றத்தைத் திரும்பச் செய்பவர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அவர்களைத் ‘திருந்தாதவர்கள்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்தியவர் அதை அடித்துவிட்டு, ‘திருந்தாத ஜென்மங்கள்’ என்று மாற்றி, “இதுதான் மக்கள் வழக்கு” என ஓரத்தில் குறித்திருக்கிறார். பொருள் ஒன்றுதான் என்றாலும் மனம் ஒப்பவில்லை. ‘கயவர்’ என்று எழுதலாமா என்றும் யோசிக்கிறேன். விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பொருள் ஒன்றன்று. ‘திருந்தாத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அது காலம் காட்டாது. நேற்று வராத மாணவனும் நாளை வராத மாணவனும் ‘வராத மாணவன்’தான். ஆகவே ‘திருந்தாதவர்’ என்றால் இதுவரை திருந்தவில்லை என்ற அளவிலேயே ஒருவர் கொள்ளலாம். இனித் திருந்துவதற்கான வழி அச்சொல்லில் அடைபடவில்லை. அதே எச்சத்தை ‘ஜென்மம்’ என்ற சொல்லோடு சேர்த்தவுடன், குறை செயலிலிருந்து பிறப்புக்கு நகர்ந்துவிடுகிறது. பிறப்பை யாரால் மாற்ற முடியும்? அந்தத் தொடர் தீர்ப்பாக ஒலிப்பது இதனால்தான்.

திணையையும் கவனியுங்கள். ஜென்மம் அஃறிணை, ‘இதெல்லாம் எங்கே திருந்தப் போகிறது’ என்றே வாக்கியம் முடியும். உயர்திணைக்குரியவரை அஃறிணையாகச் சொல்வதைச் சினத்திலும் இழிப்பிலும் இயல்பென்று நன்னூல் ஏற்கிறது. ஆனால் ஒரு கட்டுரையாசிரியருக்கு அந்தச் சினம் எதற்கு?

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நன்னூலின் அதே நூற்பா உவப்பையும் காரணமாகச் சொல்கிறது. என் பாட்டி தம் இளைய மகனை, அதாவது என் சித்தப்பாவை, நாள்தோறும் “திருந்தாத ஜென்மம்” என்றுதான் திட்டுவார். ஆனால் அவர் வீடு திரும்பும்வரை, எவ்வளவு நேரமானாலும், வாசற்கதவைத் தாழிடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குள் அந்தச் சொல் ஆற்றாமையாக இருக்கிறது. அச்சில் ஏறும்போது அந்தத் திண்ணை காணாமற்போய், பழிப்பு மட்டுமே எஞ்சுகிறது.

மறுமொழி 3:
‘கயவர்’ வேண்டாம். திருக்குறளின் 108ஆம் அதிகாரமான கயமை, தோற்றத்தில் மக்களைப் போலவே இருந்தும் இயல்பால் கீழானவர்களைப் பற்றியது. திருந்துவதும் திருந்தாமையும் அங்கே பேச்சே இல்லை. கீழ்மக்களின் ஒழுக்கத்துக்கு அச்சமே காரணம் என்கிறது 1075ஆம் குறள். அஞ்சி ஒழுகுவது வேறு, திருந்துவது வேறு. ‘உருப்படாதவன்’ என்பதும் பொருந்தாது. அது ஒருவனுடைய வாழ்க்கை ஒரு வடிவத்துக்கு வராது என்ற கணிப்பைச் சொல்வது, குற்றத்தை அன்று.

திருந்து, திருத்து என்ற தன்வினை, பிறவினை வேறுபாட்டையும் மறக்க வேண்டாம். ‘திருந்தாதவர்’ என்னும்போது பொறுப்பு முழுவதும் அவர்மேல் விழுகிறது. ‘திருத்தப்படாதவர்’ என்னும்போது சிறை செய்யத் தவறியதும் கேள்விக்கு வருகிறது. மூலம் எதைச் சொல்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
மூலத்தை மீண்டும் படித்தேன். அங்கே பேசப்படுவது செயல் மட்டுமே, இயல்பு அன்று. ஆகவே ‘மீண்டும் குற்றம் புரிந்தவர்கள்’ என்றே எழுதி, காரணத்தையும் ஓரத்தில் குறித்து அனுப்பிவிட்டேன். மூவருக்கும் நன்றி.